கருத்தடை மாத்திரையோடு வேறு மருந்து சேரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் "மாத்திரை" என்று மொட்டையாகச் சொன்னால், அது தினமும் சாப்பிடும் ஹார்மோன் கருத்தடை மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் விற்கும் மாலா-டி, பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக எழுதித் தரும் விலை கூடிய அட்டைகள் எல்லாம் இதில் அடக்கம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ சாப்பிடும் சாயா மாத்திரை ஹார்மோன் அல்ல, அது வேறு வகை. இங்கே சொல்வதை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

வேறொரு மருந்து சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை ஏன் வேலை செய்யாமல் போகிறது?

பெரும்பாலும் கல்லீரல்தான் காரணம். மாலா மாத்திரை ஒன்றில் லீவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும், ஈஸ்ட்ரோஜன் வகையான எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராமும் இருக்கின்றன. இவற்றைக் கல்லீரலில் உள்ள நொதிகள், முக்கியமாக சிஒய்பி 3ஏ4 என்ற நொதி, உடைத்து வெளியேற்றுகின்றன. மாத்திரையின் அளவும் நேரமும் இந்த வேகத்தைக் கணக்கில் வைத்து அமைந்தவை. சில மருந்துகள் அந்த நொதியை அதிகமாகச் சுரக்க வைத்துவிடும். காலையில் சாப்பிட்ட மாத்திரை மாலைக்குள் கரைந்து போகும். சினைப்பையைத் தூங்க வைக்கும் அளவுக்கு ரத்தத்தில் ஹார்மோன் இருக்காது, முட்டை வெளிவந்துவிடும்.

1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம். இன்றைய மாத்திரைகளில் 0.02 முதல் 0.035 மில்லிகிராம்தான். ரத்தக்கட்டு அபாயத்தைக் குறைக்க அளவைக் குறைத்தார்கள், அது நல்லதுதான். ஆனால் கையிருப்பு குறைந்த வீட்டில் சின்னச் செலவும் உறைப்பதுபோல, இப்போது நொதி கொஞ்சம் கூடினாலும் மாத்திரை தாங்காது.

மருந்துகள் மோதிக்கொள்ள இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குடல் மாத்திரையை உறிஞ்சாமல் போவது. இன்னொன்று, மாத்திரை மற்ற மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். இந்தக் கடைசி வழியைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

பல் டாக்டர் அமாக்சிசிலின் கொடுத்திருக்கிறார். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யாதாமே?

இது பழைய பயம். அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், செஃபிக்ஸிம் எதுவும் மாத்திரையின் கருத்தடைப் பலனைக் குறைப்பதாக நிரூபணம் இல்லை. மாத்திரையை வழக்கம்போல் தொடருங்கள்.

பயம் வந்த வழி இது. எத்தினைல் எஸ்ட்ராடியாலில் ஒரு பகுதி பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து, அங்குள்ள பாக்டீரியாவால் மறுபடி உறிஞ்சத்தக்க வடிவம் பெற்று ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றால் திரும்பும் அளவு குறையுமே என்று நினைத்தார்கள். ரத்தத்தில் அளந்து பார்த்தபோது பொருட்படுத்தும் வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனில் 2011-இலேயே "கூடவே ஆணுறை" என்ற அறிவுரையைக் கைவிட்டார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் மட்டும் அந்த வரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஆன்டிபயாடிக்கால் வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் கணக்கு மாறும். மாத்திரை விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று விழுங்குங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அந்த நாட்களை மாத்திரை மறந்த நாட்களாகவே எண்ணுங்கள். உடம்பு சரியான பிறகு தொடர்ந்து 7 நாள் மாத்திரை சாப்பிடும் வரை ஆணுறை வேண்டும்.

அப்படியானால் எந்த ஆன்டிபயாடிக்கும் பிரச்சினை இல்லையா?

ஒரு குடும்பம் உண்டு: ரிஃபாம்பிசின், ரிஃபாபென்டின், ரிஃபாபியூட்டின். 1971-இல் ஜெர்மனியில் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்களுக்கு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் மாதவிடாய் தடுமாறுவது பதிவானது. மருந்து இடைவினையால் மாத்திரை தோற்கும் என்று உலகம் கற்றுக்கொண்டது அங்கிருந்துதான். அந்த உண்மையைத்தான் பிறகு எல்லா ஆன்டிபயாடிக்கின் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

டிபி-க்கு அரசு மருந்து சாப்பிடுகிறேன். அதில் ரிஃபாம்பிசின் இருக்கிறதா, எத்தனை நாள்?

இருக்கிறது, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை. முதல் 2 மாதம் தரும் கூட்டு மாத்திரையில் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதத்தில் மூன்று. இரண்டிலும் மாத்திரைக்கு 150 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் உண்டு. 35 முதல் 49 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 3 மாத்திரை, ஆக 450 மில்லிகிராம். 50 முதல் 64 கிலோ என்றால் 4 மாத்திரை, 600 மில்லிகிராம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே, அது ரிஃபாம்பிசினின் நிறம்தான். அது தெரியும் வரை கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். நிறம் போன பிறகும் நம்ப முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடிய நொதி பழைய அளவுக்கு இறங்க 4 வாரம் ஆகும்.

ஆக, 6 மாதச் சிகிச்சைக்கு 7 மாதம் வேறு வழி வேண்டும். காப்பர்-டி 380ஏ ஹார்மோன் இல்லாதது. கர்ப்பப்பையில் இருந்தபடியே வேலை செய்வதால் ரிஃபாம்பிசின் அதைத் தொடுவதில்லை. 10 ஆண்டு தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியின் பலனும் குறைவதில்லை. காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலும் (காயில்) மருந்து அங்கேயே வேலை செய்வதால் பயமில்லை. கையில் பதிக்கும் இம்ப்ளான்ட் மட்டும் மாத்திரையைப் போலவே பாதிக்கப்படும்.

வீட்டில் ஒருவருக்கு டிபி வந்ததால் மற்றவர்களுக்குத் தரும் தடுப்பு மருந்தையும் கவனியுங்கள். தினசரி ஐசோனியசிட் மட்டும் என்றால் மாத்திரைக்குத் தொந்தரவு இல்லை. வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் தரும் சிகிச்சையில் ரிஃபாபென்டின் இருக்கிறது. வாரம் ஒரு நாள்தானே என்று விட்டுவிடக் கூடாது.

மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டு ஈடுகட்டலாமா?

ரிஃபாம்பிசினோடு அது நடக்காது. வலிப்பு மருந்துகள் சிலவற்றோடு, வேறு எந்த வழியும் ஒத்துவராத பெண்ணுக்கு, மகப்பேறு நிபுணர் கூடுதல் அளவைக் கொடுத்து இடைவெளியைக் குறைத்துக் கண்காணிப்பது உண்டு. ஈஸ்ட்ரோஜன் கூடினால் ரத்தக்கட்டு அபாயமும் கூடும் என்பதால் இதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

வலிப்பு மாத்திரைகளில் எது ஆகும், எது ஆகாது?

நொதியைக் கூட்டுபவை: ஃபெனிடாயின் (எப்டாயின்), கார்பமசெபின் (டெக்ரிடால்), பினோபார்பிடோன் (கார்டினால்), ஆக்ஸ்கார்பசெபின், பிரிமிடோன், தினம் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் டோபிராமேட். முகநரம்பு வலிக்கும் மனநலத்துக்கும்கூடக் கார்பமசெபின் தருவார்கள். "எனக்கு வலிப்பு இல்லையே" என்று தாண்டிப் போகாமல் அட்டையில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள்.

லெவெடிராசெட்டாம், கிளோபசாம், காபாபென்டின், பிரிகாபாலின், லாகோசமைடு ஆகியவற்றால் மாத்திரைக்குக் கேடில்லை. வால்புரோயேட்டும் மாத்திரையின் பலனைக் குறைப்பதில்லை. ஆனால் அதைச் சாப்பிடும்போது கரு தங்கினால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வர வாய்ப்பு உண்டு என்பதால் மறதிக்கே இடம் தராத காப்பர்-டி போன்ற வழியைத்தான் முதலில் சொல்வோம்.

கருத்தடைக்காக வலிப்பு மருந்தை யாரும் நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை வழியை.

லாமோட்ரிஜின் பற்றிச் சொல்லவில்லையே?

தனியாகச் சொல்ல வேண்டிய மருந்து அது. இங்கே அடிபடுவது கருத்தடை அல்ல, வலிப்புக் கட்டுப்பாடு.

மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், லாமோட்ரிஜினைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தைக் கூட்டுகிறது. ரத்தத்தில் லாமோட்ரிஜின் ஏறக்குறைய பாதியாகும். பல மாதம் அடங்கியிருந்த வலிப்பு, மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் திரும்ப வரும். குற்றம் "மருந்து வேலை செய்யவில்லை" என்று லாமோட்ரிஜின் மேல் விழும்.

அதோடு முடியவில்லை. மாலா அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை முடிந்து 7 இரும்புச்சத்து மாத்திரைக்கு வந்ததும் ஈஸ்ட்ரோஜன் இல்லை, லாமோட்ரிஜின் கிடுகிடுவென ஏறும். அந்த ஒரு வாரக் கடைசியில் இரண்டு மடங்குவரை போகலாம். மாதாமாதம் அதே வாரத்தில் தலைசுற்றல், பொருள் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது என்று வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒரு காலண்டரில் இரும்பு மாத்திரை நாட்களையும் தலைசுற்றிய நாட்களையும் குறித்துக்கொண்டு போய்க் காட்டினால் நரம்பியல் மருத்துவருக்கு உடனே புரிந்துவிடும்.

தீர்வு, லாமோட்ரிஜின் அளவை மாற்றுவது, அட்டைகளை இடைவெளி இல்லாமல் தொடர்வது, அல்லது ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிக்குப் போவது. முடிவு மருத்துவருடையது. மாத்திரையை நிறுத்தும்போதும் அவரிடம் சொல்லுங்கள், ஏற்றிய அளவை இறக்க வேண்டியிருக்கும். கூடவே வால்புரோயேட் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பொதுவாகக் குறைவு.

ஒற்றைத் தலைவலிக்கு டோபிராமேட் தந்திருக்கிறார்கள்.

தலைவலிக்குத் தரும் அளவு பெரும்பாலும் 100 மில்லிகிராமுக்குள்தான், நொதி மீதான தாக்கம் சிறிது. ஆனாலும் டோபிராமேட் கருவுக்குக் கெடுதல் செய்யும் மருந்து என்பதால் மாத்திரையோடு ஆணுறையும் சேர்ப்பது நல்லது. அதற்கு முன்னால் வேறொரு கேள்வி: தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள், பார்வையில் ஓட்டை விழுந்தது போன்ற மறைப்பு வருகிறதா? வந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையே உங்களுக்கு ஆகாது. பக்கவாத அபாயம் கூடும்.

தைராய்டு மாத்திரையோடு சாப்பிடலாமா?

சாப்பிடலாம். இரண்டு விஷயம் கவனியுங்கள்.

ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதத்தை ரத்தத்தில் கூட்டும். தைராக்சின் அதிகம் அதில் ஒட்டிக்கொள்வதால் சிலருக்கு அளவைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரை தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். மொத்த டி4 (ரத்தத்திலுள்ள மொத்தத் தைராக்சின்) மட்டும் பார்த்தால் பொய்யாகக் கூடித் தெரியும்.

இரண்டாவது, மாலா அட்டையின் கடைசி 7 மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் ஃபெரஸ் ஃப்யூமரேட். இரும்பு குடலில் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு இதையும் போட்டால் தைராய்டு மருந்து வீண். நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள், அல்லது கருத்தடை அட்டையை மொத்தமாக இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே கதைதான். ஆன்டிபயாடிக், கருத்தடை மாத்திரையைக் கெடுக்குமோ என்று பயப்படுகிறோம், உண்மையில் அந்த இரும்பு மாத்திரைதான் ஆன்டிபயாடிக்கைக் கெடுக்கிறது.

பிசிஓஎஸ்-க்கு ட்ராஸ்பைரினோன் என்ற ஹார்மோன் உள்ள மாத்திரை சாப்பிடுகிறேன். பிபி மருந்தும் உண்டு.

முதலில், பிபி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டுமா என்பதையே மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும். ட்ராஸ்பைரினோன் ரத்தத்தில் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும். எனலாபிரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும் ஏற்றும். தினமும் நீண்ட நாள் சாப்பிடும் வலி மாத்திரைகளும் அதில் சேரும். முதல் அட்டையின்போதே ஒருமுறை பொட்டாசியம் பரிசோதியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த வகையே வேண்டாம்.

உதிரப்போக்கு அதிகம் என்று டிரானெக்சாமிக் ஆசிட் வாங்கிச் சாப்பிடலாமா?

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாத்திரை ரத்தம் உறையும் போக்கைக் கூட்டுகிறது, டிரானெக்சாமிக் உறைந்ததைக் கரைய விடாது. இரண்டும் சேர்ந்தால் காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டு வர வழி. மெஃபெனமிக் ஆசிட் மட்டும் உள்ள மாத்திரை என்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் இரண்டும் கலந்த கூட்டு மாத்திரைகள் கடையில் உண்டு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

எடை குறைக்கும் ஊசி போடுகிறேன்.

டிர்ஸெபடைடு (மவுஞ்சாரோ) இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். தொடங்கியதும் 4 வாரம், ஒவ்வொரு முறை அளவு கூட்டியதும் 4 வாரம் ஆணுறை என்பது உற்பத்தியாளரின் அறிவுரை. 2.5 மில்லிகிராமில் தொடங்கி 4 வாரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே 15 வரை போனால் இடைவெளியே கிடைக்காது, மொத்தம் 24 வாரம் ஆகும். செமாக்ளூடைடில் இந்தத் தாக்கம் கண்டறியப்படவில்லை. வாந்தி வந்தால் மட்டும் மேலே சொன்ன விதி.

கொழுப்பை உறிஞ்சவிடாத ஆர்லிஸ்டாட் மாத்திரையால் பேதி கடுமையானாலும் அதே விதிதான்.

மூலிகை மருந்துக்குப் பயமில்லைதானே?

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மனச்சோர்வுக்கென்று ஆன்லைனில் மாத்திரையாக விற்கிறது. ரிஃபாம்பிசின் தூண்டும் அதே நொதியை இதுவும் தூண்டும். மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது இதில்தான் அதிகம். வயிற்று உப்புசத்துக்குச் சாப்பிடும் கரி மாத்திரை வேறு விதம். அது மாத்திரையைக் குடலிலேயே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், சில மணி நேர இடைவெளி விட வேண்டும்.

படர்தாமரை, முகப்பரு மருந்துகள்?

கிரிசியோஃபல்வின் சாப்பிட்டால் அந்தக் காலமும் நிறுத்திய பின் ஒரு மாதமும் ஆணுறை சேருங்கள். இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், டெர்பினாஃபின் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைப்பதில்லை. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், கருத்தடை மாத்திரையோடு மோதாது, ஆனால் கருவைக் கடுமையாகச் சிதைக்கும். அதைத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்தி ஒரு மாதம் வரை இரண்டு கருத்தடை வழிகள் சேர்ந்தே இருக்க வேண்டும்.

எச்ஐவி-க்குத் தரும் ஏஆர்டி மருந்து?

டோலுடெக்ராவிர் உள்ள டிஎல்டி மாத்திரையால் பிரச்சினை இல்லை. எஃபாவிரென்ஸ், நெவிராபின், ரிட்டோனாவிர் கலந்தவை ஹார்மோன் அளவைப் பாதிக்கும். எப்படியும் ஆணுறை தொடர வேண்டியதுதான்.

வீட்டு விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்கினேன். அது கருத்தடையும் செய்யுமா?

செய்யும் என்று நம்பக் கூடாது. நாள் தள்ளிப்போட வாங்குவது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். அதில் சிறு பங்கு உடம்பிலேயே எத்தினைல் எஸ்ட்ராடியாலாக மாறும். ஆகவே ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது, ரிஃபாம்பிசின் போன்றவற்றால் பலன் குறையவும் செய்யும். ஏற்கெனவே மாலா சாப்பிடுபவர் இதை வாங்கவே தேவையில்லை. 21 முடிந்ததும் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு மறுநாளே புது அட்டையைத் தொடங்கினால் மாதவிடாய் தள்ளிப்போகும்.

டிபி அல்லது வலிப்பு மருந்தில் இருக்கும்போது ஆணுறை கிழிந்துவிட்டது. அவசர மாத்திரை கேட்குமா?

வழக்கமான ஒரு மாத்திரை, அதாவது லீவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், போதாது. நொதியைக் கூட்டும் மருந்தைக் கடந்த 4 வாரத்துக்குள் சாப்பிட்டிருந்தால் முதல் தேர்வு 5 நாளுக்குள் காப்பர்-டி. அது முடியாதபோது 72 மணி நேரத்துக்குள் இரண்டு மாத்திரை சேர்த்து 3 மில்லிகிராம் சாப்பிடலாம் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் அவசர மாத்திரை வைத்திருப்பதில்லை. தேடி அலைவதைவிட நேராக அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவுக்குப் போவது மேல். அங்கே காப்பர்-டியும் கிடைக்கும்.

காய்ச்சல், வலி மாத்திரை, காபி?

பாராசிட்டமால், ஆன்டாசிட், சளி மாத்திரை, இன்சுலின், மெட்ஃபார்மின் எதற்கும் தடையில்லை. காபியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. மாத்திரை சாப்பிடுபவர் உடம்பில் கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் ஆகிறது. மாலை ஃபில்டர் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இதே வகையில் தசைப்பிடிப்புக்குத் தரும் டிசானிடினும் உடம்பில் தேங்கும். எழுந்து நின்றால் பிபி இறங்கி மயக்கம் வரலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லுங்கள்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நொதியைக் கூட்டும் மருந்தை நிறுத்திய பிறகான 4 வாரத்தை, அதாவது 28 நாளை, எங்கிருந்து எண்ணுவது?

நடுவில் திட்டுத்திட்டாக ரத்தம் படுவது, ஹார்மோன் குறைகிறது என்பதற்கு ஒரு துப்பு. படவில்லை என்பதால் பாதுகாப்பு இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது, எந்த அறிகுறியும் இல்லாமலே கரு தங்கும். இரும்பு மாத்திரை வாரத்தில் மாதவிடாய் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

28 நாளை எண்ணுவது அந்த மருந்தைக் கடைசியாக விழுங்கிய நாளிலிருந்து. டிபி மருந்தின் கடைசி வேளை மார்ச் 10 என்றால் ஏப்ரல் 7 வரை ஆணுறை. அந்த நாள் அட்டையின் நடுவில் வந்தால் அட்டையை நிறுத்த வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே போகலாம். காப்பர்-டி போட்டிருந்து அதை எடுத்துவிட்டு மாத்திரைக்குத் திரும்புவதாக இருந்தால், ஏப்ரல் 7 கழிந்து மாத்திரை தொடங்கி 7 நாள் ஆன பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.